எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மேனாள் துணைவேந்தர் பெருமகனாரே, பேராசிரியப் பெருமக்களே, நூலகர் அம்மையார் அவர்களே, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். எனக்கு முன் பேசிய புலவர் ஐயா தம் நேரத்தில் பத்து நிமிடத்தை எனக்குக் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மைக்கு என் நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஒரு மாணவர் திருவிழா எப்படிப் பிறந்தது, அதில் ஏன் கலவரம் மூண்டது, நம் கல்லூரிகளில் மாணவர் தேர்தல் ஏன் வேண்டும்.

அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம், ஏம்ஸ் நகரம். கால்நடை மருத்துவம், பொறியியல், தொழில்சார் அறிவியல், மனையியல், வேளாண்மை என்று ஐந்து பிரிவுகள். அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 1922இல் ‘வீஷா’ என்று ஒரு விழா எடுத்தார்கள். ஊர்வலம், நாடகம், கண்காட்சி, மனையியல் மாணவிகள் சுட்டு விற்ற செர்ரிப் பழப் பணியாரம், எல்லாம் மாணவர் பொறுப்பு. 1988, 1992, 1994 என்று விழா நாள் இரவுகளில் தெருவில் கலவரம். குடியும் கூட்டமும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? 2004இல் கண்ணீர்ப்புகை வீசும் அளவுக்குப் போயிற்று. மறு ஆண்டு விழாவே கிடையாது என்றார்கள். 2006இல் மறுபடி தொடங்கியது. 2014 ஏப்ரலில் கும்பல் சாய்த்த விளக்குக் கம்பம் ஒரு மாணவர் தலையில் விழுந்து படுகாயம். அந்த ஆகஸ்ட்டில், இனி வீஷா இல்லை என்று பல்கலைக்கழகத் தலைவர் ஸ்டீவன் லீத் அறிவித்துவிட்டார்.

அந்தக் காயத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

நான் படித்த கல்லூரியிலும் இப்படித்தான். எந்த விடுதி முதலில் மேடையேறுவது என்று ஆண்டு விழாவில் சண்டை. நாற்காலிகள் உடைந்தன. அடுத்த ஆண்டு விழா ரத்து. எங்கள் அறையில் ஒரு தம்பி. பேசவே கூச்சப்படுவான், மிருதங்கம் மட்டும் பேசும். அந்த மேடைக்காக ஒரு வருடம் விடியற்காலையில் எழுந்து மொட்டை மாடியில் வாசித்தான். தூக்கம் கெடுகிறது என்று நாங்கள் திட்டுவோம், சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு படி மேலே போய் உட்காருவான். மகன் வாசிப்பதைப் பார்க்க அப்பா புது வேட்டி எடுத்து வைத்திருந்தார். ரத்து என்று பலகையில் எழுதிய அன்று அவன் நேரே முதல்வர் அறைக்குப் போனான். “ஐயா, நான் நாற்காலியை உடைக்கலையே?” என்றான். முதல்வர் பதில் சொல்லவில்லை. மேசை மேலிருந்த காகிதத்தைத் திருப்பி வைத்தார். அந்த அப்பா கடைசிவரை மகன் மேடையில் வாசித்துப் பார்க்கவில்லை, ஐயா!

கல் எறிந்தவன் ஒருவன், தண்டனை ஊருக்கு. எறிந்தவனைக் கேள்வி கேட்க மாணவர்களே தேர்ந்தெடுத்த தலைவன் வேண்டும். மாணவர் தேர்தலை எப்படி நடத்துவது என்று ஆராய்ந்த லிங்டோ குழு அறிக்கை தந்தது 2006இல். அதை ஏற்று மாணவர் தேர்தலுக்கு வழிகாட்டியது உச்ச நீதிமன்றம். இன்னும் எத்தனை கல்லூரிகளில் வாக்குப்பெட்டியே பார்க்காமல் பட்டம் வாங்கிப் போகிறார்கள்! தேர்தல் வைத்தால் அடிதடி வரும் என்பார்கள். மறுபடியும் அதே எலி, அதே வீடு.

இனி நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். வாசலில் மேசை போட்டிருக்கிறோம், மாணவர் தேர்தல் வேண்டும் என்ற மனு இருக்கிறது. பேராசிரியர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டும். பேனா நான் தருகிறேன்.