பீட்டில்ஸை வளர்த்தது ஹாம்பர்க் மேடையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவை உயர்த்தியது மேனேஜர் பிரையன் எப்ஸ்டீனா, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மேடைகளா என்பது தலைப்பு. எப்ஸ்டீன் பையன்களுக்கு கோட்டு சூட்டு மாட்டிவிட்டதையும், ரெக்கார்டு கம்பெனிகளின் படியேறி இறங்கியதையும் எதிரணித் தோழி உருக்கமாகச் சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் எப்ஸ்டீன் அவர்களைப் பார்த்ததே 1961 நவம்பரில்தானே? அதற்கு முன்னால் நடந்ததை யார் பேசுவது?

1957-இல் லிவர்பூலில் ஒரு சர்ச் விழாவில் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் சந்தித்தார்கள். மறுவருடம் ஜார்ஜ் ஹாரிசன் சேர்ந்தார். அதன் பிறகும் ஊரில் அவர்களுக்குப் பெரிய பேரில்லை.

1960 ஆகஸ்டில் ஜெர்மனிக்குப் போனார்கள். ஜார்ஜுக்கு வயது 17. தங்க இடம் எது தெரியுமா? ஒரு சினிமா தியேட்டரின் திரைக்குப் பின்னால், கழிப்பறையை ஒட்டிய இருட்டு அறை! ஒரு மணி நேரம் வாசித்து இறங்கிப் பழகிய பிள்ளைகள், இந்திரா கிளப்பில் வார நாளில் நாலரை மணி நேரம், வார இறுதியில் ஆறு மணி நேரம் நின்றார்கள். கையிருப்புப் பாட்டு தீர்ந்துபோகும். புதிதாகக் கற்றாக வேண்டும், கற்றதை நீட்டியாக வேண்டும், குடித்துவிட்டுக் கத்துகிற கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தாக வேண்டும். இதைவிடப் பெரிய இசைப் பயிற்சி உண்டா ஐயா?

பேஸ் கிடார் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஓவியம் படிக்க ஹாம்பர்க்கிலேயே தங்கிவிட, பால் அதைக் கையில் எடுத்தார். வேறொரு லிவர்பூல் குழுவோடு வந்திருந்த ரிங்கோ ஸ்டாரிடம் நெருங்கிப் பழகியதும் அங்கேதான். 1962-இல் அவரே இவர்களுடைய டிரம்மர்!

ஊர் திரும்பிய 1960 டிசம்பரில், லிதர்லாந்து டவுன் ஹாலில் வாசித்தார்கள். கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்தது. எப்ஸ்டீன் வருவதற்குப் பத்து மாதங்களுக்கும் முன்னால்!

இன்னொன்று. 1963 பிப்ரவரி 11. முதல் ஆல்பத்துக்கு ஒரே நாளில் 10 பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். லெனனுக்குக் கடும் ஜலதோஷம். தொண்டை கிழிய வேண்டிய பாட்டைக் கடைசிக்கு வைத்து, இரவில் பாடினார். முதல் தடவை பாடிப் பதிவானதே ஆல்பத்தில் போனது.

அந்தத் தொண்டையை எந்த மேனேஜர் கொடுத்தார்? தீர்ப்பு எழுதும்போது இந்த ஒரு நாளைக் கணக்கில் வையுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.