களைத்தவன் எங்கே ஒளிவான்?

வணக்கம் நேயர்களே. ரக்பி லீக் ஆட்டத்தில் ஃபார்வர்டு, அதாவது முன்னால் நின்று மோதும் ஆள், களைத்துப்போனால் என்ன ஆகும் என்று பேச வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள். "நான் சடுகுடு வாத்தியாராச்சே" என்றேன். "அதனால்தான் கூப்பிட்டோம்" என்றார்கள். சரி, வந்துவிட்டேன்.

புதுச்சேரியில் இந்த ஆட்டம் ஆடுகிற கிளப் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் நம் ஊரில் எத்தனை வீட்டில் பிரான்ஸ் உறவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். என் அத்தை வீடும் சொல்தா வீடுதான், பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த குடும்பம். அத்தை மகன் குடும்பத்தோடு தெற்கு பிரான்ஸில் பெர்ப்பிஞ்ஞான் பக்கம் இருக்கிறார். அந்த ஊர் அணியான கத்தலான் டிராகன்ஸ் 2006-இலிருந்து இங்கிலாந்தின் சூப்பர் லீக்கில் ஆடுகிறது. 2018-இல் சேலஞ்ச் கோப்பையையே வென்றது. அவர் லீவுக்கு வந்து முத்தியால்பேட்டை வீட்டில் தங்கினால், ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் டி.வி.யில் அந்த ஆட்டம்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். ஆரம்பத்தில் ஒன்றும் புரியவில்லை. பாதி ஆட்டத்தில், "மச்சான், இது நம்ம சடுகுடுதான், கையில் பந்தைக் கொடுத்துவிட்டார்கள்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு 13 பேர், ஆட்டம் 80 நிமிடம். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு வாய்ப்பு. பந்தோடு ஓடுகிறவரை எதிரணி பிடித்துக் கீழே தள்ளினால் ஒரு வாய்ப்பு போயிற்று. ஆறாவது முறையும் பிடித்துவிட்டால் பந்து கைமாறும். இப்படிப் பிடித்துத் தள்ளுவதற்கு டேக்கிள் என்று பெயர். பதின்மூவரில் ஆறு பேர் ஃபார்வர்டு. இவர்களில் ப்ராப் என்பவர் 110 கிலோ எடை இருப்பார். அவர் வேலை நேராகச் சுவரில் போய் மோதுவது. எதிரணி ஆடும்போது அவரே சுவராக நிற்பது.

இப்போது ஒரு சின்ன விதியைக் கவனியுங்கள். களைப்பின் கதை முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு டேக்கிள் முடிந்ததும் தடுக்கிற அணி பத்து மீட்டர் பின்னால் போக வேண்டும். இரண்டு பேர் மட்டும் பந்துக்கு எதிரே நிற்கலாம். ஆக ஒரு ப்ராப் என்ன செய்கிறார்? முன்னால் பாய்கிறார், 100 கிலோ ஆளைக் கட்டிப் பிடித்து மண்ணில் சாய்க்கிறார், அவன் மேல் புரண்டு எழுகிறார், திரும்பிப் பத்து மீட்டர் ஓடுகிறார், மறுபடி முன்னால் பாய்கிறார். சில நொடி இடைவெளியில் ஆறு முறை. பந்து கைமாறியதும் மூச்சு வாங்க நேரமில்லாமல் இப்போது அவர் பந்தோடு மோத வேண்டும். நடுவில் ஆடும் ஃபார்வர்டு ஒருவர் ஓர் ஆட்டத்தில் 30, 40 டேக்கிள் செய்வது சாதாரணம். வெறும் ஓட்டமாக இருந்தால் கூடப் பரவாயில்லை. கீழே விழுந்து எழுவதுதான் ஆளை உறிஞ்சும். நம்பிக்கை இல்லையென்றால் இந்த உரை முடிந்ததும் தரையில் குப்புறப் படுத்து எழுந்து பாருங்கள், பத்து முறை. முழங்கால் வலி உள்ளவர்கள் வேண்டாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? திடீர் பாய்ச்சலுக்குத் தசை தனக்குள் கொஞ்சம் சேமிப்பு வைத்திருக்கிறது. கிரியேட்டின் பாஸ்பேட் என்பார்கள். சில நொடிப் பாய்ச்சலிலேயே அது பெரும்பாலும் கரைந்துவிடும். பாதி நிரம்பச் சுமார் அரை நிமிடம் ஆகும், முழுக்க நிரம்ப மூன்று, நான்கு நிமிடம். ஆறு டேக்கிளுக்குள் மூன்று நிமிடம் யார் கொடுப்பார்கள்? பர்ஸில் பணம் இல்லாமலே கடைக்குப் போகிற கதைதான். நான் உடற்கல்வி படித்த காலத்தில் எல்லாப் பழியையும் லாக்டிக் அமிலத்தின் தலையில் போட்டார்கள். மறுநாள் வலிக்குக் கூட அதுதான் காரணம் என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது தப்பு. அந்தப் பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

களைப்பு முதலில் காலில் தெரியும் என்றுதான் நினைப்போம். எனக்கு இடுப்பில்தான் தெரிகிறது. தெம்பாக இருக்கும் ப்ராப் டேக்கிளுக்குப் போகும்போது இடுப்பை மடக்கி, கடைசி அடியை எதிராளியின் காலடிக்குப் பக்கத்தில் ஊன்றி, தோளால் இடிப்பார். கை அப்புறம்தான் வந்து வளைக்கும். களைத்தவர் நிமிர்ந்தே வருவார். கடைசி அடியை வைக்க மாட்டார். கையை மட்டும் நீட்டுவார். கை மட்டும் போன டேக்கிளை 100 கிலோ ஆள் சிலந்தி வலை மாதிரிப் பிய்த்துக்கொண்டு போவான். போனால் பரவாயில்லை. நிமிர்ந்து வருகிறவரின் தலை, எதிராளியின் தலையோ முழங்கையோ இருக்கும் உயரத்தில் இருக்கிறது. அடி படுவது பிடிக்கப் போனவருக்குத்தான்.

இது எனக்குப் படித்துத் தெரிந்த விஷயம் அல்ல. இருபத்திரண்டு வயதில் பாகூர் பக்கம் ஒரு காணும் பொங்கல் போட்டி. அன்று அது எங்களுக்கு நாலாவது ஆட்டம். நான் கவரில், அதாவது தடுப்பு வரிசையின் நடுப்பக்கத்தில், நிற்கிறேன். ஆட்டம் முடிய மூன்று நிமிடம். எதிரணி ரைடர் உள்ளே வந்து திரும்புகிறான். குனிந்து தொடையைப் பிடிக்க வேண்டிய இடம். மனசு குனியச் சொல்கிறது, இடுப்பு கேட்கவில்லை. நிமிர்ந்தபடியே கையை நீட்டினேன். அவன் முழங்கால் என் காறை எலும்பில் ஏறியது. போட்டி நடத்தியவர்களிடம் ஐஸ் கட்டி கூட இல்லை. சோடாப் பாட்டிலை ஒத்தி ஒத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். தோளை உயர்த்தினால் இன்றைக்கும் அந்த இடம் 'டக்' என்கும். அந்தச் சத்தத்தை நிலையத்தார் பதிவு செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

டிம் கேபெட் என்ற ஆய்வாளர் ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் வீரர்களை வைத்து இதையே சோதித்து 2008-இல் வெளியிட்டார். களைப்பு ஏற ஏற டேக்கிள் செய்யும் முறை படிப்படியாகக் கெட்டது. இதில் ஆச்சரியம் இல்லை. தெம்பாக இருக்கும்போது யாருடைய முறை மிக நன்றாக இருந்ததோ, களைத்ததும் அவர்களுக்குத்தான் சரிவு அதிகம். இது என்னைத் தூங்க விடவில்லை. எத்தனை வருஷம் காலை ஆறு மணிக்கு, பிள்ளைகள் புத்துணர்ச்சியோடு இருக்கும்போது பிடியைப் பார்த்து மார்க் போட்டு அணி எடுத்திருக்கிறேன்!

தாக்குதலுக்கு வருவோம். களைத்த ஃபார்வர்டு பந்தை ஓடிக்கொண்டே வாங்க மாட்டார், நின்று வாங்குவார். நின்று வாங்கினால் மோதலில் வேகம் இல்லை. பிடிபட்ட பிறகும் காலைத் துடுப்பு மாதிரிப் போட்டு இரண்டு மீட்டர் இழுத்துப் போவார்களே, அது நின்றுபோகும். கீழே விழுந்தவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளினால்தான் அடுத்த வாய்ப்பு தொடங்கும். களைத்தவர் அதற்கு ஒரு நொடி கூடுதலாக எடுப்பார். அந்த ஒரு நொடியில் எதிரணி பின்னால் போய் ஒழுங்காக வரிசை கட்டிவிடும்.

ஆனாலும் தாக்குதலில் ஒரு சலுகை இருக்கிறது. களைத்தவர் ஒளிந்துகொள்ளலாம். பந்து கேட்காமல் இரண்டு அடி தள்ளி நின்றால் போதும், வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள். சடுகுடுவிலும் களைத்த ரைடர், "நீ போடா" என்று தம்பியை அனுப்பிவிடலாம். தடுப்பில் அது நடக்காது. பந்து உங்களைத் தேடி வரும். தேடி வருகிறது என்று சும்மா சொல்லவில்லை. எதிரணியின் கெட்டிக்காரப் பையன்கள், பந்தைப் பிரித்துக் கொடுக்கும் ஹாஃப்பேக், ஹூக்கர் போன்ற சின்ன உருவத்துக்காரர்கள், எந்தப் பெரிய ஆள் அடுத்தடுத்து இரண்டு டேக்கிள் செய்தார், எவர் கையை இடுப்பில் வைத்தார், எவர் பத்து மீட்டர் போகாமல் ஏழில் நின்றார் என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள். அவர் நிற்கும் இடத்துக்குத்தான் பந்து வரும். நம் ரைடரும் கோட்டைத் தாண்டும்போது எந்த கார்னர், அதாவது ஓரத்தில் நின்று தடுப்பவன், வாயைத் திறந்து மூச்சு விடுகிறான் என்றுதான் முதலில் பார்ப்பான்.

ஒளிந்தவரும் தப்புவதில்லை. அவர் விட்ட பந்தை இன்னொரு ஃபார்வர்டு சுமக்கிறார். கால் மணி நேரத்தில் அவரும் களைத்துவிடுவார். ஒருவரின் களைப்பு ஒட்டுவார் ஒட்டி மாதிரி அணி முழுக்கப் பரவும்.

இதனால்தான் வீரரை மாற்றி இறக்கும் எண்ணிக்கையில் அவ்வளவு சண்டை. ஆஸ்திரேலிய லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு இத்தனை முறைதான் ஆள் மாற்றலாம் என்று உண்டு. 2008-இல் பத்து என்றார்கள், 2016-இல் எட்டாகக் குறைத்தார்கள். பெரிய ஆள் கொஞ்சம் களைக்கட்டும், அப்போதுதான் சின்ன உருவத்துக்கு ஓட இடம் கிடைக்கும், ஆட்டம் சுவைக்கும் என்பது கணக்கு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. உடைந்த காறை எலும்புக்காரனான எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

நம் ஊருக்கு இன்னொரு தொல்லை உண்டு, கடற்காற்று. வீராம்பட்டினம் கரையில் சாயங்காலம் ஆடினால் குளுகுளு என்று இருக்கும், ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வடிகிறதே தவிர உலர்வதில்லை. உலர்ந்தால்தான் உடம்பு ஆறும். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் ஆடும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள், ஒரு சிட்டிகை உப்புப் போட்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் பாக்கி. இப்போதெல்லாம் நான் பிடியை ஆரம்பத்தில் சொல்லித் தருவதில்லை. முதலில் மணலில் விழுந்து எழ வைக்கிறேன், ஓட வைக்கிறேன், மூச்சு இரைக்கும்போது கணுக்கால் பிடி. அப்போது எவன் இடுப்பு மடங்குகிறது என்று பார்க்கிறேன். போன பொங்கலுக்கு அத்தை மகனின் பையன் வந்திருந்தான். அங்கே ஜூனியர் அணியில் ப்ராப் ஆடுகிறவன், நல்ல கடா மாதிரி உடம்பு. "மாமா, நானும் வரேன்" என்று இறங்கினான். முதல் ஐந்து முறை எங்கள் பையன்களை மூட்டை மாதிரித் தூக்கிப் போட்டான். பன்னிரண்டாவது முறை, கார்னரில் நின்ற ஏழாம் வகுப்புப் பொடியன் அவன் முகத்தைப் பார்த்தான், கையை இடுப்பில் வைத்ததைப் பார்த்தான், நேராக அவனை நோக்கியே பாடிக்கொண்டு வந்து தொட்டுவிட்டு ஓடினான். இவன் நிமிர்ந்தபடியே கையை நீட்டிக்கொண்டு நின்றான்.