பீப் அடிச்சா வயர் சரியா? கோச்சிப் பெட்டியில கரண்ட் டெஸ்டிங் வேலை

(காட்சி: மட்டக்களப்பு ஸ்டேஷன், விடியக்காலை. பெட்டிக்குள்ள ஃபேன் சுத்துது.)

வணக்கம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் ஆக்கள் கொழும்புக்குக் கோச்சியில போறதெண்டா முதல்ல பஸ் ஏறி இந்த ஸ்டேஷனுக்குத்தான் வரணும். வந்து ஏறினதும் சீட்டைப் பார்ப்பம், ஃபேன் சுத்துதா எண்டு பார்ப்பம். அந்த ஃபேனுக்குக் கரண்ட் கொண்டு வாற வயர் எங்கால வருது எண்டு ஒருத்தரும் பார்க்கிறல்ல. கூரைக்குள்ளயும் தரைக்குக் கீழயும் ஓடுற அந்த வயரையெல்லாம் ஒவ்வொண்டாப் பார்த்துக் கையெழுத்து வைக்க ஒரு ஆள் இருக்கு. அந்த வேலையைப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப் போறம்.

ஹவுஸ் வயரிங் படிச்ச தம்பிமார் நிறையப் பேர் கேட்டிருந்தீங்க, கோச்சி செய்ற தொழிற்சாலையில எங்களுக்கு என்ன வேலை இருக்கு எண்டு. இலங்கைக்கு வந்த சில டீசல் ரயில் தொடர்கள் சென்னை பெரம்பூர்ல, 1955இல தொடங்கின இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில செய்தது. நான் வேலை செய்தது அங்க இல்ல, வேற நாட்டுல. ஆனா அடிப்படை எங்கயும் ஒண்டுதான். செய்து முடிஞ்ச ரயிலை ஓட விட முதல் என்னென்ன பார்க்கணும் எண்டு ஐஈசி 61133 எண்ட சர்வதேசத் தரமே இருக்கு.

(காட்சி: மேசையில மல்டிமீட்டர். ரெண்டு முனையும் தொடுது. பீப்.)

முதல் வேலை கண்டினியூட்டி. வயர் இடையில அறாம, சரியான இடத்துக்குப் போய்ச் சேருதா எண்டு, பெட்டிக்குக் கரண்ட் குடுக்காம மல்டிமீட்டரால பார்க்கிறது. வயர் தொடர்பா இருந்தா மீட்டர் பீப் அடிக்கும். ஒவ்வொரு வயருக்கும் ஒரு நம்பர் இருக்கு. ஒராள் பெனல் பக்கம், மற்றாள் பெட்டியின்ட அடுத்த அந்தத்தில. கையில வயரிங் டயகிராம், வாக்கிடோக்கி.

"23 இருக்கா தம்பி?"
"இருக்கண்ணன்."
"24?"
"24 அடிக்குதில்ல. 25லதான் அடிக்குது."

ரெண்டு வயர் மாறிப் போயிருக்கு. வீட்டிலயெண்டா ஒரு சுவிட்சுக்கு வேற லைட் எரியும், அவ்வளவுதான். தானாத் திறக்கிற கதவுள்ள கோச்சியில வலது கதவு, இடது கதவுச் சிக்னல் மாறினா, பிளாட்ஃபோம் இல்லாத பக்கம் கதவு திறக்கும். இன்னொரு சிக்கலும் இருக்கு. ஒரு பெட்டியைத் திருப்பி வைச்சா அதின்ட வலது பக்கம் இடதாப் போயிரும். அதனால பெட்டிக்குப் பெட்டி போற கேபிள்ல சில வயரை வேணுமெண்டே குறுக்கா மாத்திக் குடுப்பாங்க. எது மாறி இருக்கணும், எது மாறக்கூடாது எண்டதை டயகிராமைப் பார்த்துத்தான் சொல்ல ஏலும். ஞாபகத்தில சொல்லக்கூடாது.

இனி நான் விட்ட பிழையைச் சொல்றன்.

(காட்சி: பெருவிரல் மொத்தத்தில ஒரு கேபிள், நுனியில செம்பு லக்.)

கேபிளைப் போல்ட் போட்டுப் பூட்டுறதுக்கு நுனியில இருக்கிற இதுக்குப் பேர் லக். கிரிம்ப் மெஷினால அமத்திப் பிடிக்கிறது. நான் மீட்டரை வைச்சன், பீப் அடிச்சுது, டிக் போட்டன். ரெண்டு கிழமைக்குப் பிறகு லோட் குடுத்துப் பார்க்கக்குள்ள, வெப்பக் கமராவில அந்த இடம் மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சுது, அதாவது சூடேறியிருக்கு. கழட்டி வெட்டிப் பார்த்தா, மேலுறையில ஒள்ளுப்பம் லக்குக்குள்ளயே போய், அதோட சேர்த்து அமத்தியிருக்கு. செம்பு இழை பாதிதான் லக்கைத் தொட்டுக்கொண்டிருக்கு.

பீப் ஏன் அடிச்சது? மல்டிமீட்டர் அனுப்புறது ஒண்டு ரெண்டு மில்லி அம்பியர்தான். ஒரேயொரு இழை தொட்டாலும் அதுக்குப் போதும். கணக்குப் பாருங்க. அந்த மூட்டில 0.01 ஓம் தடை எண்டு வைங்க. சாதாரண மீட்டர்ல அது தெரியவே தெரியாது. அதுக்குள்ளால 60 அம்பியர் ஓடினா, கரண்ட் தர கரண்ட் தர தடை, 60 தர 60 தர 0.01, 36 வோட்ஸ். நாம ஈயம் உருக்கிற சோல்டரிங் அயர்ன்ட சூடு அது. அப்படி ஒண்டு மூடின பெட்டிக்குள்ள, பயணிக்குக் கீழ, கொழும்பு வரைக்கும் எரிஞ்சுகொண்டே போறதை நினைச்சுப் பாருங்க.

அதனாலதான் பெரிய லக்குகளுக்கு மில்லி ஓம் மீட்டர் இருக்கு. அது பெரிய கரண்ட் அனுப்பி அளக்கும். கிரிம்ப் மெஷினையும் நம்பி விடுறல்ல. மாதிரிக்கு ஒரு லக் அமத்தி, இழுத்துப் பிய்ச்சுப் பார்ப்பாங்க. போல்டைக் குறிச்ச அளவுக்கு இறுக்கிற டோர்க் ரெஞ்சால இறுக்கி, மேல ஒரு கோடு கீறி விடுவாங்க. கோடு விலகினா போல்ட் சுத்தியிருக்கு எண்டு கண்ணுக்கே தெரியும்.

(காட்சி: மெகர்.)

இது மெகர். ஹவுஸ் வயரிங் செய்தவங்களுக்குத் தெரிஞ்ச சாமான். 500 வோல்ட் குடுத்து, வயருக்கும் எர்த்துக்கும் இடையில கரண்ட் கசியுதா எண்டு பார்க்கும். வீட்டு வயரிங்குக்குக் குறைஞ்சது 1 மெகா ஓம் வரணும். கோச்சியில ஒவ்வொரு சர்க்கிட்டுக்கும் டெஸ்ட் சீட்ல தனி அளவு இருக்கும். மீட்டர் வைக்க முதல் எலக்ட்ரானிக் கார்ட் எல்லாத்தையும் கழட்டணும், இல்லாட்டி 500 வோல்ட்ல கருகிப்போகும். முடிஞ்சதும் கேபிளை டிஸ்சார்ஜ் பண்ணணும். நீளக் கேபிள்ல நிக்கிற சார்ஜ் கையை நல்லா அடிக்கும்.

ஈரம் பட்டா இந்த அளவு இறங்கும். மாரியில கல்லடிப் பக்கம் வீட்டு வயரிங் பார்த்த ஆளுக்கு இதை நான் சொல்லிக்குடுக்கத் தேவல்ல. காலமை ஒரு அளவு, வெயில் ஏறினாப் பிறகு இன்னொரு அளவு. அதனால அளவோட சேர்த்து வெப்பநிலை, ஈரப்பதன் ரெண்டையும் எழுதணும். அளவு குறைஞ்சா குறைஞ்சதை அப்படியே எழுதி, காரணத்தைத் தேடி, காய வைச்சு, திரும்ப அளந்து ரெண்டாவது வரியில எழுதணும். முதல் வரியை அழிக்கக்கூடாது. அது களவு.

பிறகு உயர் வோல்ட் டெஸ்ட், கரண்ட் குடுத்து ஒவ்வொரு லைட், கதவு, பிரேக் சிக்னல் பார்க்கிறது, கடைசியாத் தண்டவாளத்தில ஓட விடுறது. அதுகளை அடுத்த வீடியோவில காட்டுறன்.

என்ட லக் கதைக்கு வாறன். என்னோட வேலை செய்த களுவாஞ்சிகுடி அண்ணன் ஏசல்ல. "அதே கிரிம்ப் மெஷின்ல அண்டைக்கு அமத்தின லக் எத்தினை மனே?" எண்டு மட்டும் கேட்டார். 40. ரெண்டு பேருமாப் பெட்டிக்குக் கீழ படுத்து, நாப்பதையும் திறந்து பார்த்தம். இன்னும் மூணு அப்படியே இருந்தது. மூணுக்கும் பீப் அடிச்சுது.