ஹெஸ்ஸன்ல போட்ட ஓட்டு

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணி நண்பர் என்ன சொன்னாரு, ஜெர்மனில மாநிலத் தேர்தல்னா ஸ்கூல், போலீஸ் அவ்ளோதான், நாட்டு அரசியல அது ஒண்ணும் பண்ணாதுன்னு. அப்படியா? 2005 மே 22, நார்த்ரைன்-வெஸ்ட்பாலியா. 39 வருஷமா கையில இருந்த மாநிலத்த ஆளுங்கட்சியான எஸ்பிடி தோத்துச்சு, அன்னிக்கு சாயங்காலமே அந்தக் கட்சியோட சான்சலர், அதாவது நம்ம பிரதமர் மாதிரி, ஷ்ரோடர் நாடாளுமன்றத் தேர்தல ஒரு வருஷம் முன்னாடியே வைக்கணும்னுட்டாரு, அதுக்காக நம்பிக்கை ஓட்டெடுப்புல வேணும்னே தோத்தாரு, நவம்பர்ல எதிர்க்கட்சியான சிடியுவோட மெர்கல் சான்சலர் ஆயிட்டாங்க.

ஆனா என் மனச உறுத்துறது 1999 ஹெஸ்ஸன் மாநிலத் தேர்தல்தான். ஷ்ரோடர் ஆட்சிக்கு வந்து நாலு மாசம்கூட ஆகல, வெளிநாட்டுலேர்ந்து வந்து குடியேறினவங்க பழைய பாஸ்போர்ட்ட விடாமலே ஜெர்மன் குடியுரிமை வாங்கலாம்னு சட்டம் கொண்டுவரப் பாக்குறாரு. சிடியு கட்சிக்காரங்க கடைத்தெருவுல டேபிள் போட்டு அதுக்கு எதிரா கையெழுத்து வாங்குனாங்க, பிப்ரவரி 7ஆம் தேதி அவங்க மாநிலத் தலைவர் ரோலண்ட் கோக் ஜெயிச்சிட்டாரு. இதுல என்னன்னா, அங்க மேல்சபைல, அதான் புண்டஸ்ராட், உக்கார்றது மாநில அரசுகளே, ஒரு மாநிலத்தோட ஓட்டு மொத்தமும் ஒரே பக்கம்தான் விழணும், ஓட்டு போடாம இருந்தாலும் எதிர்ப்பு மாதிரிதான். ஹெஸ்ஸன் கைமாறினதும் ஷ்ரோடருக்கு அங்க மெஜாரிட்டி போச்சு, வேற ஒரு மாநிலத்துல எஸ்பிடியோட கூட்டணி ஆட்சியில இருந்த எஃப்டிபிங்குற சின்னக் கட்சியோட தயவு இல்லாம சட்டம் நகராதுங்குற நெலம, அவங்க கேட்ட மாதிரி சட்டத்த மாத்தினாரு.

மாறுனது யாருக்கு வலிச்சுது? பிராங்க்பர்ட்ல 2000ல பொறந்த ஒரு பொண்ண நெனச்சுப் பாருங்க, அப்பா அம்மா துருக்கியோ யாழ்ப்பாணமோ, ஆனா அங்க ரொம்ப வருஷமா சட்டப்படி இருக்கறவங்க. பொறக்கும்போதே ஜெர்மன் குடியுரிமை உண்டு, ஆனா 18 வயசு ஆனதும், 23க்குள்ள ரெண்டுல ஒண்ண விடு, பதில் சொல்லலைன்னா ஜெர்மன் குடியுரிமை போயிரும், இதுதான் அப்ப வந்த சட்டம். கூடப் படிச்ச புள்ளைக்கு அந்தக் கேள்வியே கெடையாது, இவளுக்கு மட்டும் பொறந்த ஊர்லயே கெடு! அங்கயே வளந்த புள்ளைங்கள இதுலேர்ந்து விடுவிக்கவே 2014 ஆச்சு, ரெட்டைக் குடியுரிமைய எல்லாருக்கும் திறந்துவிட 2024 ஆச்சு. கால் நூற்றாண்டு நடுவர் அவர்களே, ஒரு மாநிலத்துல ஒரு ஞாயித்துக்கிழம போட்ட ஓட்டால!

இது வெறும் ஸ்கூல், போலீஸ் தேர்தல்தான்னு அந்தப் பொண்ணு முகத்தப் பாத்து சொல்வாரா என் எதிரணி நண்பர்?