பட்டியல் போட விடாத நாடு

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி, அந்த அரசாங்கம் ஏன் இதையெல்லாம் தடை செய்யாமல் இருக்கிறது என்பதுதான். நான் இன்றைக்கு அதைவிடச் சின்னக் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். எந்தத் துப்பாக்கி யார் வீட்டில் இருக்கிறது என்பதாவது அந்த அரசாங்கத்துக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. நாடு முழுவதற்கும் அப்படி ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1986இல் சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள்.

கொலை நடந்த இடத்தில் ஒரு கைத்துப்பாக்கி கிடைக்கிறது என்று வையுங்கள். அதன் வரிசை எண்ணை மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் இருக்கிற மத்திய அரசு மையத்துக்கு அனுப்புவார்கள். சினிமாவில் காட்டுவது போல அங்கே யாரும் கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிப் பெயரை எடுப்பதில்லை. முதலில் அதைச் செய்த கம்பெனிக்கு போன், அவர்கள் எந்த மொத்த வியாபாரிக்கு விற்றார்கள் என்று கேட்டு அவருக்கு ஒரு போன், அவர் கைகாட்டுகிற கடைக்கு இன்னொரு போன், கடைக்காரர் அலமாரியைத் துழாவி வாங்கினவர் எழுதிக் கொடுத்த படிவத்தைத் தேடி எடுத்துச் சொல்ல வேண்டும். கடையையே மூடிவிட்டார்களா? அப்படியானால் அந்தக் கடையின் காகிதங்கள் பெட்டி பெட்டியாக இந்த மையத்துக்கு வந்திருக்கும். அதைப் படம் எடுத்து வைக்கலாம், ஆனால் வாங்கினவர் பெயரைப் போட்டுத் தேடும் வசதி கூடாது, பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்த்துத்தான் புரட்ட வேண்டும். இத்தனை பாடுபட்டு முதலில் வாங்கினவரைக் கண்டுபிடித்தால், 'நான் அதை எப்போதோ விற்றுவிட்டேனே' என்பார். பல மாநிலங்களில் தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் காகிதமே கிடையாது. பொதுமக்கள் கையில் 39 கோடிக்கு மேல் துப்பாக்கி இருக்கலாம் என்று 2018இல் ஒரு மதிப்பீடு சொன்னது, அதாவது ஜனத்தொகையைவிட அதிகம்.

இது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பதிவேடு வேண்டாம் என்கிறவர்கள் சொல்லும் காரணத்தையும் கேளுங்கள். இன்றைக்குப் பட்டியல் போடுவார்கள், நாளைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருவார்கள் என்கிற பயம்தான். நம் ஊரில் நடப்பதைச் சொன்னால் அவர்கள் திகைத்துப்போவார்கள். தேர்தல் தேதி அறிவித்ததும் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி மாவட்டம் மாவட்டமாக உத்தரவு வரும், கொண்டுபோய்க் கொடுப்பார்கள், முடிவு வந்தபின் போய் வாங்கிக்கொள்வார்கள், அது நமக்கு உள்பக்கத்தில் வருகிற நாலு வரிச் செய்தி. அமெரிக்கத் துப்பாக்கிக்காரருக்கோ அதுதான் சர்வாதிகாரத்தின் முதல் நாள்!

அந்தப் பயம் முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல முடியவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்த 1865இலேயே மிசிசிப்பி மாநிலம் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பின மக்கள் அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. நூறு வருஷம் கழித்து 1967இல், கலிஃபோர்னியாவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள் துப்பாக்கி ஏந்திப் போலீஸைப் பின்தொடர்ந்து கண்காணித்தபோது, பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு நடமாடுவதைத் தடை செய்யும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமா? அப்போது அங்கே ஆளுநராக இருந்த, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்டு ரீகன்! இந்தத் துப்பாக்கிக்காரர்கள் நம் காந்தியையும் விட மாட்டார்கள். ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய ஆங்கிலேயரின் சட்டத்தை அவர்கள் செய்த தீமைகளிலேயே மிக மோசமானது என்று அவர் கண்டித்ததை மேற்கோள் காட்டுவார்கள், அவர் அதை எழுதியது 1918இல் ஆங்கிலேயர் படைக்கே ஆள் சேர்க்கும்போது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

சரி, பட்டியல் போட்டால் பறிப்பார்களா? அதைச் சோதித்துப் பார்க்க ஒரு இடம் அமெரிக்காவிலேயே இருக்கிறது. இயந்திரத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் 1934லிருந்து மத்திய அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். தொண்ணூறு வருஷம் ஆகிவிட்டது. பதிவு செய்தவர்கள் வீட்டில் அவை இன்னும் இருக்கின்றன, விற்கிறார்கள், வாங்குகிறார்கள், அந்தத் துப்பாக்கிகளால் குற்றம் நடப்பது மிக அபூர்வம். (1986க்குப் பிறகு செய்தவற்றைப் பொதுமக்கள் வாங்க முடியாது என்பது வேறு கதை.) ஆஸ்திரேலியாவில் 1996இல் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின் அரசாங்கம் காசு கொடுத்து லட்சக்கணக்கான துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியதே, கட்டாயமாக வாங்கியதே என்பார்கள். உண்மைதான். அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசு வெளிப்படையாகச் செய்தது என்பதைத் தவிர.

நீதிமன்றம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். ஆயுதம் வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது, அந்த உரிமைக்கும் வரம்பு உண்டு என்று அதே தீர்ப்பிலேயே எழுதியது. 2024இல், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றம் யார் மீது தடை உத்தரவு போட்டதோ அவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்கிற சட்டம் செல்லும் என்று எட்டு நீதிபதிகள் சொன்னார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த ஆளிடம் எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பல இடங்களில் அவரையே கேட்க வேண்டியிருக்கிறது. 'இரண்டு இருந்தது, கொடுத்துவிட்டேன்' என்று அவர் சொன்னால் அதோடு முடிந்தது. 2021இல் அங்கே துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேல் தற்கொலை. மனம் உடைந்திருக்கிற ஒருவரிடமிருந்து கொஞ்ச நாளைக்கு அதை வாங்கி வைக்கலாம் என்று சில மாநிலங்கள் சட்டம் கொண்டுவந்திருக்கின்றன, அங்கேயும் இதே சிக்கல்தான்.

கலிஃபோர்னியா தன் அளவில் பதிவேடு வைத்திருக்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் தகுதியை இழந்தவர்கள் யார் என்று அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஆள் அனுப்பிக் கதவைத் தட்டி வாங்கி வருகிறார்கள். அங்கேயும் தட்ட வேண்டிய கதவுகள் 20,000க்கும் மேல் பாக்கி நிற்கின்றன, போவதற்குத்தான் ஆள் போதவில்லை.