மாலத்தீவு: தாக்குப்பிடிப்பதற்கென ஒரு படை

அவையோருக்கு வணக்கம். ஏறத்தாழ 1,200 குட்டித் தீவுகளும் ஐந்து லட்சத்தை ஒட்டிய மக்களும் கொண்ட மாலத்தீவுக்குப் படை எதற்கு என்று கேட்போர் உண்டு. எதிரியை வெல்வதற்கன்று, உதவி வந்துசேரும் வரை தாக்குப்பிடிப்பதற்கே அந்தப் படை என்பது என் துணிபு.

1573-இல் போர்த்துகீசியரை விரட்டிய முகம்மது தகுருஃபானுவை அந்நாட்டார் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் 1887 முதல் 1965 வரை வெளிப் பாதுகாப்பு பிரிட்டன் வசம் இருந்ததால், உள்நாட்டுப் படை பெரும்பாலும் சுல்தானின் காவலாகவே நின்றது. 1979-இல் அது தேசியப் பாதுகாப்புச் சேவை ஆனபோதும், காவல் பணியும் அதன் பொறுப்பிலேயே இருந்தது.

அதன் உண்மையான சோதனை 1988 நவம்பர் 3 அன்று வந்தது. அப்துல்லா லுத்ஃபி என்ற மாலத்தீவு வணிகரின் ஆட்சிக் கவிழ்ப்புத் திட்டப்படி, இலங்கைத் தமிழ் இயக்கமான புளொட்டைச் சேர்ந்த ஏறக்குறைய 80 பேர் விடியுமுன் தலைநகர் மாலேயில் இறங்கினர். நகரின் பல இடங்கள் அவர்கள் கைக்குப் போயின. படைத் தலைமையகமான பண்டார கோஷி மட்டும் போகவில்லை. உள்ளிருந்த வீரர்கள் பகல் முழுதும் சுட்டுக்கொண்டேயிருந்தனர். அதிபர் கயூமும் பிடிபடவில்லை. ஹுல்ஹுலே விமான நிலையத்தைக் கைப்பற்றி வைக்கவும் தாக்கியவர்கள் தவறினர். அன்றிரவு, ஆக்ராவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து வந்த இந்தியப் பாராசூட் படையினர் அந்த ஓடுதளத்திலேயே இறங்கினர். தாக்கியவர்களில் ஒரு பகுதியினர் பணயக் கைதிகளுடன் கப்பலில் தப்பியோடியபோது, இந்தியக் கடற்படை அவர்களை நடுக்கடலில் மடக்கியது. இந்தியாவின் வேகத்தைப் பாராட்டும் நாம், அதற்கு அவகாசம் வாங்கித் தந்த அந்தச் சில வீரர்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

2004-இல் காவல்துறை தனியே பிரிந்தது. 2006-இல் தேசியப் பாதுகாப்புப் படை என்ற இன்றைய பெயர் வந்தது. 2014 டிசம்பரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தீப்பற்றி மாலே தாகத்தில் தவித்தபோதும், கப்பலிலும் விமானத்திலும் வந்திறங்கிய தண்ணீரை மக்களுக்கு விநியோகிக்கும் வேலை இதே வீரர்கள் தலையில்தான் விழுந்தது.

ஆனால் 2018 பிப்ரவரியில் அதிபர் யாமீன் நெருக்கடிநிலையை அறிவித்தபோது, இதே படை நாடாளுமன்றத்தைச் சூழ்ந்து நின்று உறுப்பினர்களை வெளியேற்றியது. இந்தியா படையுடன் தலையிட வேண்டும் என்று முன்னாள் அதிபர் நஷீத் வேண்டினார். இந்தியப் படை வரவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் மாலத்தீவு மக்களே வாக்களித்து யாமீனை இறக்கினார்கள்.