கையில இருக்கிறது சிஎஸ்ஆரா, எஃப்ஐஆரா?

வணக்கம். ஸ்டேஷன்ல புகார் குடுத்துட்டு ஒரு ரசீதோட வெளிய வர்ற நிறைய பேர், கேஸ் போட்டாச்சுன்னு நிம்மதியாயிடுறாங்க. அந்த ரசீதை ஒரு தடவை நல்லா படிங்க. சிஎஸ்ஆர் (புகார் மனு வந்ததைக் குறிக்கிற ஸ்டேஷன் பதிவேடு) நம்பர் மட்டும் இருந்தா, மனுவை வாங்கிக்கிட்டாங்கன்னு அர்த்தம். வழக்கு இன்னும் பதிவாகல. எஃப்ஐஆர்ல, அதாவது முதல் தகவல் அறிக்கையில, குற்ற எண் இருக்கும், சட்டப் பிரிவு இருக்கும், சம்பவம் நடந்த நேரமும் ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரமும் தனித்தனியா இருக்கும். காப்பி இலவசம், கேட்டு வாங்குங்க.

பிடியாணை இல்லாமலே கைது பண்ணக்கூடிய குற்றம்னா எஃப்ஐஆர் போட்டே ஆகணும். லலிதா குமாரி வழக்குல 2013-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2024 ஜூலை 1-ல வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ், பிரிவு 173-ல ஒரு இடைவெளி குடுத்திருக்கு: மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குற்றம்னா, டிஎஸ்பி அந்தஸ்து அதிகாரி அனுமதியோட 14 நாள் முதற்கட்ட விசாரணை பண்ணலாம். அதனால புகார் குடுத்த தேதியைக் குறிச்சு வைங்க.

செல்போன் புகார்லதான் பெரிய சிக்கல். பைக்ல வந்தவன் கையில இருந்து பிடுங்கிட்டுப் போயிருப்பான், புகார்ல "போன் காணாமல் போய்விட்டது"ன்னு எழுதியிருப்பாங்க. காணாம போறது குற்றமே இல்லையே! பிடுங்கினது பிஎன்எஸ் (புது தண்டனைச் சட்டம்) பிரிவு 304, பறிப்பு. போன் என்ன விலையா இருந்தாலும் போலீஸ் நேரடியா விசாரிக்கலாம். சாதாரண திருட்டு, பொருள் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழன்னா, நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவு இல்லாம விசாரிக்கவே முடியாது. அதனால நடந்ததை நடந்தபடி எழுதுங்க: எந்த பஸ் ஸ்டாப், எத்தனை மணி, எந்தக் கையில இருந்து, வண்டி எந்தப் பக்கம் போச்சு, போனோட ஐஎம்இஐ நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் இருக்கிற தனி அடையாள எண்), பில் விலை. தெரியாததைச் சேர்க்காதீங்க. நீங்க பாக்காத ஆளைப் பாத்தேன்னு எழுதினா, குறுக்கு விசாரணையில அந்த ஒரு வரியே மொத்த கேஸையும் சாய்ச்சிடும். லேட்டா போனா ஏன் லேட்டுன்னும் எழுதுங்க, அதுக்கு எஃப்ஐஆர்ல தனிக் கட்டமே இருக்கு.

"இது எங்க லிமிட் இல்ல, தாம்பரம் கமிஷனரேட்டுக்குப் போங்க"ன்னு சொன்னா? போக வேண்டாம். எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்ஐஆர் (எல்லை பாக்காம போடுற எஃப்ஐஆர்) போட்டு, சம்பந்தப்பட்ட இடத்துக்கு அவங்கதான் அனுப்பணும். ஆன்லைன்ல புகார் அனுப்பினீங்கன்னா மூணு நாளுக்குள்ள நேர்ல போய்க் கையெழுத்து போடணும், இல்லன்னா அது பதிவுல ஏறாது.

பதிவு பண்ணவே மாட்டேங்குறாங்களா? சட்டம் எஸ்பிக்கு எழுதச் சொல்லுது. சென்னையில எஸ்பி இடத்துல இருக்கிறது துணை ஆணையர், அதனால உங்க ஸ்டேஷனுக்கு மேல இருக்கிற துணை ஆணையருக்கு அதே புகாரை ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. இந்தப் படியைத் தாண்டிட்டு நேரா கோர்ட்டுக்குப் போறவங்க மனு அங்கேயே நின்னுடும். அதுக்கப்புறமும் ஒண்ணும் நடக்கலன்னா எழும்பூரோ சைதாப்பேட்டையோ, உங்க ஸ்டேஷனுக்கான நடுவர்கிட்ட பிஎன்எஸ்எஸ் பிரிவு 175(3)-ல மனு போடுங்க. கூடவே பிரமாணப் பத்திரம், சிஎஸ்ஆர் ரசீது, தபால் ரசீது, ஸ்டேஷனுக்கும் துணை ஆணையருக்கும் குடுத்த ரெண்டு புகாரோட நகலும் வைங்க. எஃப்ஐஆர் விழுந்துடுச்சுன்னா, விசாரணை எந்த நிலையில இருக்குன்னு 90 நாளுக்குள்ள உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸோட கடமை. பிஎன்எஸ்எஸ் பிரிவு 193-ஐச் சொல்லியே கேளுங்க.